பொதிமாட்டு முடிச்சு

பலவேசம் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது என்று தேவாரம் ஊரில் யாராவது சொன்னால், சொன்னவனைத்தான் ஊர் ஏற இறங்கப் பார்க்கும். அப்படிப் பேர் வாங்கிய கை அவனுடையது. அந்தக் கை கட்டிவிட்ட இடுப்புத் துணியைத்தான் அவன் பெற்ற பிள்ளை ராக்கையா ராத்திரிக்கு ராத்திரி அவிழ்த்து மூலையில் எறிந்துவிட்டு, பாயையும் நனைத்துவிட்டு, ஒரு கவலையும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் தேவாரத்துப் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கு யார் துணி கட்டினார்கள்? இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு இருந்தால் பிள்ளை உடுத்தியிருக்கிறான் என்று கணக்கு. பாய் நனைந்தால் விடிந்ததும் வேலியில் கிடந்து காயும். ஆனால் அந்த ஆடி மாதம் கருத்தம்மாளுக்கு, அந்தத் துணி மகன் இடுப்பில் நிற்கிறதா இல்லையா என்பது உயிர்போகிற காரியமாக இருந்தது.

ஊருக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டங்கள். ஆவணியில் காய் எடுக்க ஆரம்பித்தால் தை வரைக்கும் வேலை இருக்கும். வாராவாரம் அரிசி அளப்பார்கள். கீழே இவர்களுக்கு இருந்தது மானம் பார்த்த பூமி. அந்த வருஷம் அது மானத்தைப் பார்த்ததோடு சரி. சோளம் முழங்கால் உயரம் வந்து கருகிவிட்டது. வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் குலுக்கையைத் தட்டினால் தலைமுதல் அடிவரைக்கும் வெறும் சத்தம் கேட்டது. கருத்தம்மாள் காய் எடுக்க ஏறினால்தான் அடுப்பு எரியும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏற வேண்டியதுதானே? அப்படித்தான் முன்பு ஒருதரம் ஏறினாள். மூத்தது பெண். பேர் பஞ்சம்மாள். கார்த்திகை மாதம் மலைக்காய்ச்சல் கண்டது. பல் கிட்டித்து நடுங்கியது. தோட்டத்து ஆபீசிலிருந்து கொய்னா மாத்திரை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோட்டத்துச் சரிவிலேயே ஒரு பலா மரத்தடியில் புதைத்துவிட்டு, மறுநாள் கருத்தம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு காய் எடுக்கப் போனாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் ராக்கையா பிறந்த அன்றைக்கே ஒன்றை முடிவுகட்டிவிட்டாள்: இந்தப் பிள்ளையின் கால் மலையில் படக்கூடாது.

பலவேசம் பொதிமாட்டுக்காரன். மாட்டு முதுகில் அரிசி மூட்டைகளைக் கட்டி மலையேறுகிற மெட்டுப் பாதை வழியாக மேலே கொண்டுபோவான். ஏலக்காய் மூட்டைகளைக் கட்டிக் கீழே கொண்டுவருவான். மழை ஓய்ந்துவிட்டால் அவன் வீட்டில் தங்குவதே கிடையாது. ஆகவே பிள்ளையை விட்டுப்போக ஒரே இடம்தான் இருந்தது. பலவேசத்தின் அக்காள் இருளம்மாள் வீடு. அதே ஊரில் கீழத்தெரு.

இருளம்மாளிடம் போய்க் கேட்டபோது அவள் இலவங்காயை உடைத்துப் பஞ்சு வேறு கொட்டை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அம்மாவாசி தலையணை, மெத்தை தைக்கிறவன். வீடு என்று இருந்தது ஒரே அறை. அந்த அறையில் கூரை முட்டப் பஞ்சு. புருஷனும் பெண்சாதியும் பஞ்சுக்கு நடுவே கொஞ்சம் இடம் பிடித்துப் படுத்துக்கொள்வார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பஞ்சு பறக்கக் கேட்பானேன். அதனால் ஆடி முழுக்க அந்த வீட்டில் கதவு முக்கால்வாசி சாத்தியே இருக்கும்.

"பிள்ளைய விட்டுட்டுப் போறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லத்தா," என்றாள் இருளம்மாள். "எந்தம்பி பிள்ளை. கஞ்சி ஊத்துறேன், குளிப்பாட்டுறேன், தூக்கிச் சொமக்கிறேன். ஆனா ராத்திரிக்கு என்ன செய்வ?"

"என்ன மதினி செய்யணும்?"

"மூத்திரம் பேயாதா உம்மகன்?"

கருத்தம்மாள் பஞ்சுக் குவியலைப் பார்த்தாள்.

"பேஞ்சான்னு வச்சுக்க, எங்கன பேய்வான்? இங்கன எங்கிட்டுத் திரும்புனாலும் பஞ்சு. நீ பாட்டுக்குப் பச்சப்பிள்ளை மூத்திரந்தானன்னு சொல்லிருவ. வெயில்ல போட்டாக் காயுந்தான். ஆனா மழைநாள் வரட்டும், எந்த மூலையில எம்புட்டுப் பேஞ்சான்னு அது காட்டிக்குடுத்துரும். முந்தி எங்க கொழுந்தன் மகன் ஒருத்தன் வந்து ஒரு ராத்திரி படுத்தான். அந்தப் பஞ்சு தெரியாம ஒரு தலகாணியில போயிருச்சு. பாளையத்து ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன தலகாணி. மாப்பிள்ளை தலைய வச்சுட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாராம்."

"அய்யய்யோ."

"பக்கீர் முகம்மது ராவுத்தர் நல்ல மனுசரு. கத்தல, திட்டல. தலகாணியக் கொண்டாந்து எங்க வீட்டுக்காரக மடியில வச்சு, 'அம்மாவாசி, மல்லியப்பூ வைக்கச் சொல்லவா, சாம்பிராணி போடச் சொல்லவா'ன்னு கேட்டாக. அவுக சிரிச்சாக. எனக்கு உசுரு போயிருச்சு. அவுக கை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? அதுனால சொல்லுறேன். துணி கட்டிப் படுக்கப் பழக்கு. நல்லா மடிச்ச துணியா, கெட்டியாக் கட்டு. ஆடி முடியுறதுக்குள்ள உம்மகன் துணியோட படுத்துத் துணியோட எந்திரிச்சான்னா, கொண்டாந்து விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன். இல்லையா, எம்மேல வருத்தப்படாத."

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. கருத்தம்மாள் அன்றைக்கே பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நாலாக எட்டாக மடித்து, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்துவிட்டாள்.

முதலில் அவளேதான் கட்டினாள். பெண்பிள்ளைகள் கட்டுகிற கட்டு, இறுக்கி இறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சு. நாடா மெல்லிசு, கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் இடுப்பில் தடம் பதிந்து அவன் வீல் என்று அலறினான். தளர்த்திக் கட்டினால் வாழைப்பட்டை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஆடிச் சாரலில் மெட்டுப் பாதை வழுக்கும், பொதி ஏறாது என்பதால் பலவேசம் அந்த மாதம் ஊருக்குள்ளேதான் எருவும் விறகும் சுமந்துகொண்டிருந்தான். கூழைக் குடித்துக்கொண்டே பெண்சாதி படும் பாட்டைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நகரு புள்ள. முடிச்சுப் போட ஒரு ஆளக் கட்டிக்கிட்டு, நீ கெடந்து மல்லுக்கட்டுற."

"மாட்டுக்குக் கட்டுற மாதிரி கட்டிப்புடாதீக."

"மாடு என்ன, மனுசன் என்ன? தடம் விழுகக் கூடாது, தானா அவுறக் கூடாது. அம்புட்டுத்தான."

நாடாவை அகலமாக மாற்றச் சொன்னான். அவனுடைய தடித்த விரல்கள் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு வளையத்தை விட்டு ஒரு நுனியை வெளியே எடுத்தன. கண் மூடித் திறப்பதற்குள் கட்டியாகிவிட்டது. தடமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. கருத்தம்மாள் இழுத்து இழுத்துப் பார்த்தாள், துணி அசையவில்லை. பிள்ளை குதித்தான், உருண்டான், தலைகீழாக நின்றான். துணி அப்படியே இருந்தது.

விடிந்து பார்த்தால் துணி மூலையில், பாய் தெப்பம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். முடிச்சை முன்னால் போட்டார்கள், இடுப்பு ஓரத்தில் போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. கருத்தம்மாளுக்கு இன்னொரு எரிச்சல், அந்தத் துணி எப்போதும் காய்ந்தே கிடந்தது. நனைந்திருந்தால்கூட ஈரம் தாங்காமல் கழற்றிவிட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். "துணி நனஞ்சுரும்னு பத்திரமா அவுத்து வச்சுட்டுப் பாயில பேயுறானே, இவன என்னத்தச் செய்ய," என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒருநாள் காலை, கோபத்தில் பிள்ளையின் முதுகில் ஓர் அடியும் வைத்துவிட்டாள். அவன் அழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு அவன் அழுதே தொலைத்திருக்கலாம்.

பலவேசத்துக்குத்தான் பெரிய அவமானம். "ஏம் முடிச்சு அவுறாது. எவனோ அவுத்துவிடுறான்," என்றான்.

"எவன் வந்து அவுக்கப்போறான் நம்ம வீட்டுல? உங்க முடிச்ச மெச்சிக்க வேண்டியதுதான்."

"காத்துக் கருப்பு ஏதாச்சும்..."

"காத்துக்கு வேற சோலி இல்ல, இவன் கோமணத்த அவுக்கத்தான் மேமலையில இருந்து எறங்கி வருது!"

பேசினாளே தவிர, ஒரு வெள்ளிக்கிழமை பூசாரியிடம் போய்த் திருநீறு வாங்கிவந்து பிள்ளையின் நெற்றியிலும் தொப்புளிலும் பூசத்தான் செய்தாள். சாமி இந்த விஷயத்தில் தலையிடவில்லை.

ஆடி தேய்ந்துகொண்டே போனது. தோட்டத்துக் கங்காணி வேலுச்சாமி ஒருநாள் வெற்றிலையை மென்றுகொண்டு தெருத்தெருவாக வந்தார். கருத்தம்மாள் வீட்டு வாசலில் நின்று, "என்னத்தா, ஏறுறியா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிரு. நீ இல்லைன்னா உன் எடத்துக்குப் பண்ணைப்புரத்துக்காரி ஒருத்தி நிக்கிறா. ஒருதரம் விட்டுட்டா மறுவருசம் எடம் கேட்டு வந்து எங்காலப் பிடிக்கக் கூடாது," என்றார்.

"ஏறுறேன் மாமா. பேரச் சேத்துக்கங்க."

"பிள்ளை?"

"அவுக அத்த வீட்டுல விட்டுருவேன்."

சொல்லிவிட்டாள். உள்ளே வந்து பார்த்தால் ராக்கையா வெறும் அரைஞாணோடு உட்கார்ந்து, அவிழ்த்துப்போட்ட துணியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்று சாயந்திரம் கோணி ஊசியை எடுத்துத் துணியைப் பிள்ளையின் இடுப்பிலேயே வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். சாக்கு மூட்டையின் வாயைத் தைப்பதுபோல இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் சேர்த்து ஒரு குத்து, ரெண்டு குத்து. மூன்றாவது குத்தில் பிள்ளை நெளிந்தான். ஊசி தொடையில் கீறி ரத்தம் வந்தது. ஊசியைத் தூர எறிந்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இருளம்மாள் வந்தாள். மொச்சைப் பயறு அவித்திருந்தாள். தம்பி மகனுக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீறலில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள்.

சற்றைக்கெல்லாம் பலவேசம் விறகுப் பொதியோடு வந்து சேர்ந்தான். வாசலில் மாட்டை நிறுத்தி, மாட்டின் விலாப்பக்கம் முடிச்சிலிருந்து தொங்கிய கயிற்று வாலைப் பிடித்தான். "ஹோவ்... எறங்கு!" என்று ஒரு குரல் கொடுத்து ஒரே இழுப்பு. இரண்டு பக்கத்துக் கட்டும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. மாடு உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தது. ராக்கையா வாசல்படியில் நின்று கை தட்டினான். அவனுக்குத் தினமும் இதுதான் திருவிழா.

"கட்டு பாப்பம் பிள்ளைக்கு. நானும் ஒருதரம் பாக்குறேன், எப்படித்தான் அவுக்குறான்னு," என்றாள் இருளம்மாள்.

பலவேசம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கைகாலைக் கழுவிவிட்டு வந்து கட்டினான். அந்தக் கை, ஒரு சுற்று, ஒரு வளையம், வெளியே ஒரு நுனி. பிள்ளையைப் பாயில் விட்டார்கள். மொச்சையைத் தின்று முடித்தான். கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினான். குனிந்து இடுப்பைப் பார்த்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாடா நுனியை ரெண்டு விரலால் பிடித்தான்.

"ஓவ்... எங்கு!"

ஒரே இழுப்பு. துணி தொப்பென்று விழுந்தது. பிள்ளை உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தான்.

இருளம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏலே பலவேசம்! நாசமாப் போறவனே! பிள்ளைக்குப் பொதி முடிச்சாடா போட்டுவிட்ட?"

பொதிமாட்டுக்காரன் முடிச்சுக்கு ஒரு விதி உண்டு. அது தானாக அவிழக் கூடாது. ஆனால் இழுத்தால் அவிழாமல் இருக்கவும் கூடாது. மெட்டுப் பாதையில் மாட்டுக்குக் கால் வழுக்கிவிட்டால், பள்ளத்துப் பக்கம் சாய்வதற்குள் கயிற்றின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் பொதியைக் கழற்றிவிட வேண்டும். மூட்டை போனாலும் மாடு தங்கும். அந்த வாலையும் மறைத்து வைக்கக் கூடாது, கைக்கு எட்டுகிற இடத்தில் விட வேண்டும். பலவேசத்தின் கைக்கு வேறு முடிச்சே தெரியாது. பிள்ளையின் இடுப்பில் முடிச்சை முன்னால் மாற்றினாலும் ஓரத்தில் மாற்றினாலும், வாலை மட்டும் வெகு மரியாதையாகப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்திலேயே விட்டுக்கொண்டிருந்தான்.

"நான் என்னத்தக் கண்டேன்," என்றான் பலவேசம். முகம் கறுத்துவிட்டது. "கை தானாப் போடுதுக்கா. யானைக்கும் அடி சறுக்கும்."

"உங்கையி இன்னிக்கா சறுக்குது? எனக்குத் தெரியும்டா உங்கையி." இருளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கருத்தம்மாள் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, இத்தன வருசமா நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்கல. உங் கழுத்துல தாலி கட்டுனான்ல, அன்னிக்கும் எந்தம்பி இந்த முடிச்சத்தான் போட்டான்."

"என்ன மதினி சொல்லுறீக!"

"மூணு முடிச்சுல மொத முடிச்சு மாப்பிள்ளைக்கு, மத்த ரெண்டும் நாத்தனாளுக்கு. பின்னாடி வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவன் கட்டிட்டுக் கைய எடுக்குறான், பாத்தா மஞ்சக் கயித்துல வால் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. பொதிமாட்டு வாலு! எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. வாய விட்டுச் சொன்னா அபசகுனம். அதான் வால உள்ள விட்டு, அதுக்கு மேல எம் முடிச்சு ரெண்டையும் போட்டு இறுக்குனேன். இந்தா, இன்னிக்கு வரைக்கும் நிக்கிது."

கருத்தம்மாளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. புருஷனைப் பார்த்தாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான். அப்போதுதான் தண்ணீர் காட்டி முடித்திருந்தான்.

இருளம்மாள் பிள்ளையைப் பிடித்து நிறுத்தினாள். துணியைச் சுற்றி, நாடாவை முதுகுப்பக்கம் கொண்டுபோய், தடம் விழாமல் விரல்விட்டுப் பார்த்து, நுனி இரண்டையும் உள்ளே மடக்கி முடிச்சுப் போட்டாள். "இது நாத்தனா முடிச்சு. இத அவுக்க உங்கப்பன் பாட்டன் வந்தாலும் ஆகாது, போ," என்று அவன் புட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். கருத்தம்மாளுக்கும் அந்தக் கட்டைச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை துணி இடுப்பிலேயே இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாய் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ராத்திரியில் பிள்ளை சிணுங்கினான், முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோகப் பார்த்தான், எட்டவில்லை, கொஞ்சம் அழுதான், அடங்கிவிட்டான். ஆடி முடிந்தபோது இருளம்மாள் தன் வீட்டு அறையில் பஞ்சைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒரு சின்னப் பாயை விரித்துப் போட்டாள்.

கருத்தம்மாள் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷம்தான் பட்டாள். ஆனால் கடைசி நாலைந்து நாள் காலையில் பாயைத் தடவி அது காய்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம் ஒருநாளாவது நனைந்திருக்கக் கூடாதா என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள்.

ஆவணி பிறந்து ஒரு விடியல் வெள்ளாப்பில், கம்பங்கூழைக் குடித்துவிட்டு, கங்காணியின் ஆட்களோடு ஏறினாள். பிள்ளை அத்தை வீட்டில் பஞ்சுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று இருளம்மாள் சொல்லியிருந்தாள். அதுவும் சரிதான் என்று கருத்தம்மாளுக்குப் பட்டது. பாதி மெட்டு ஏறியபிறகு அது சரியில்லை என்று பட்டது. அதற்குமேல் திரும்பமுடியாது.

மேலே மழைதான். விடிவது தெரியாது, இருட்டுவது தெரியாது. சாக்கைத் தலையோடு மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டு, ஏலச் செடியின் அடியில் குனிந்தபடியே காய் எடுக்க வேண்டும். காலில் ஏறுகிற அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர். காலையில் கட்டன் காப்பியும் அவித்த கப்பைக் கிழங்கும்; ராத்திரி சோறும் கருவாடும். பலா மரம் இருந்த சரிவுப் பக்கம் வேலை விழுந்த நாளில் கருத்தம்மாள் மரத்தடியில் கொஞ்சம் நின்றாள். இலையைப் பெருக்கித் தள்ளினாள். பிறகு வரிசைக்குத் திரும்பிவிட்டாள். ராத்திரி படுத்தால் பழக்கதோஷத்தில் கை போய்ப் பக்கத்துப் பாயைத் தடவிப் பார்க்கும்.

புரட்டாசி கடைசியில் பாதை கொஞ்சம் காய்ந்ததும் பலவேசம் அரிசிப் பொதியோடு வந்தான். அவன் மாட்டுமணிச் சத்தம் அவளுக்குத் தெரியும். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பிள்ளை எப்படி இருக்கான்?"

"பொதிய எறக்க விடு புள்ள."

"எறக்கலாம். மொதல்ல சொல்லுங்க. கஞ்சி குடிக்கிறானா? மதினி துணி கட்டுறாகளா?"

"துணியா? அது என்னிக்கோ நின்னுபோச்சு."

"அய்யோ! அப்பப் பஞ்சு?"

"பஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. கேளு. அக்கா முடிச்சத்தான் அவனால அவுக்க முடியலையே. மல்லுக்கட்டிப் பாத்துட்டு ஒருநா ராத்திரி அக்காவ உலுப்பி எழுப்பியிருக்கான். 'அத்தே, அவுரு'ன்னானாம். என்னடா கூத்துன்னு அக்கா அவுத்துவிட்டிருக்காக. பய நேரா கதவுகிட்டப் போயி நின்னுக்கிட்டானாம். கதவத் தெறந்துவிட்டா, வாசல்ல எறங்கி நின்னு பேஞ்சுட்டு, வந்து படுத்துக்கிட்டானாம். அன்னில இருந்து அதான் வழக்கம். துணியே தேவப்படல."

மூலையில் காய்ந்தே கிடந்த அந்தத் துணி கருத்தம்மாளின் கண்முன்னால் வந்தது.

"அப்ப நம்ம வீட்டுலயும் அதுக்குத்தான் அவுத்திருக்கான்," என்றாள். "துணிய நனைக்க மனசில்லாம. நம்ம கதவச் சாத்திப் போட்டுத் தூங்கிட்டம். இருட்டுல எங்கிட்டுப் போவான் பச்சப்பிள்ள? அதுக்குப் போயி நான் அடிச்சேனே."

"அக்காவும் அதத்தான் சொன்னாக. பய குறும்புக்கு அவுக்கல, வெவரமாத்தான் அவுத்திருக்கான்னு. அவுகளுக்கு இப்ப அவன்னா உசுரு. ராவுத்தர் வந்தப்பக்கூட அவனக் காட்டி, 'இவுகதான் எங்க வீட்டுப் பஞ்சுக்குக் காவக்காரக'ன்னாக."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கேட்க வேண்டாம் என்று வைத்திருந்த கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"என்னையத் தேடுறானா?"

பலவேசம் மாட்டின் கழுத்தைத் தடவினான். "தேடாம? ஆத்தா எங்கடான்னு கேட்டா மலையக் காட்டுறான்."

"மலையக் காட்டுறானா! எஞ்சாமி. மலைன்னு தெரிஞ்சிருக்கு பாருங்க அவனுக்கு. மெட்டக் காட்டுறானா?"

அவன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலவேசத்துக்குப் பொய் வராது. அவன் கையைப் போலத்தான் அவன் வாயும்.

"இல்ல புள்ள. அக்கா வீட்டு வாசல் கெழக்க பாத்ததுல்ல. எதித்தாப்புல, சின்னமனூருக்கு அங்கிட்டு ஒரு மலை நிக்கிது பாரு, அதக் காட்டுறான்."

"அது இல்லடா, இந்தப் பக்கம்னு திருப்பிக் காட்ட வேண்டியதுதான?"

"காட்டுனேன். இங்கிட்டுத் திருப்புனா அவனுக்குக் கூரைதான் தெரியுது. ராத்திரி எந்திரிச்சு வாசல்ல நிக்கையில கண்ணுல படுறது அந்த மலைதான். பேஞ்சு முடிச்சுட்டு, உள்ள வாரதுக்கு முன்னாடி, அதப் பாத்துக் கைய நீட்டி, 'ஆத்தா'ங்குறானாம். அக்காவும் ஆமாங்கய்யான்னு சொல்லிக் கூட்டியாந்து படுக்க வச்சிருறாகளாம். இனிமே போனா மாத்திச் சொல்லச் சொல்லவா?"

சாரல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. கருத்தம்மாள் கொங்காணிச் சாக்கின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வேணாம். ஒண்ணும் மாத்த வேணாம்," என்றாள். "தை பொறக்குற வரைக்கும் நான் அந்த மலையிலயே இருந்துக்கிறேன்."

மாடு இன்னும் பொதியோடுதான் நின்றுகொண்டிருந்தது. அவளே போய்க் கயிற்று வாலைப் பிடித்து இழுத்து மூட்டைகளை இறக்கினாள்.